இடது காலை எடுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மேபோங் மலை ஓட்டுநர் சங்கத் தலைவர் கு மான்ஷிக் அவர்களே, கணவரின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் முன்வரிசையில் இருக்கும் புல்லே அண்ணி அவர்களே, பணிமனைத் தோழர்களே, வாசலில் பனிக்குள் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் பெருமக்களே!

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில், 'தலைமை மெக்கானிக் பியோ தோக்சு மறைந்தார்' என்று எழுதியிருக்கிறோம். மறைந்தாரா? மறைந்தார் என்றால் நோயில் போனவர் போல் ஆகிவிடும். அவர் கொல்லப்பட்டார் ஐயா! சங்கச் செயலாளர் என்ற முறையில் அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கினேன். "நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு இறங்கிடுங்க" என்று தலைவர் காதில் சொன்னார். சரி, நல்லதையே முதலில் சொல்கிறேன்.

நம் பழைய வண்டிகளுக்கு அவரைப் போல் காது கொடுத்தவர் யார்? நம் யாங் தால்சு ஒருநாள் பணிமனைக்கு ஓடி வந்தார். கிளட்ச்சை மிதித்தால் வண்டி கிறீச்சிடுகிறது என்று புலம்பினார். "வண்டிக்குப் பூசை போட்டப்ப வெச்ச பன்னித்தலை சிரிச்ச முகமா இல்லண்ணே, அது சிரிச்சாத்தானே வண்டிக்கு ராசி. கடைக்காரன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்த பன்னியைக் கொடுத்துட்டான். அதான் கத்துது!"

பியோ அண்ணன் சிரிக்கவில்லை. "பன்னியை விடு. காலை வை... எடு... மறுபடி வை. மிதிக்கும்போது கத்துதா, விடும்போது கத்துதா?"

"மிதிக்கும்போதுதாண்ணே."

"அப்ப கிளட்ச் பேரிங் போச்சு. பன்னி மேல பழி போடாத, செத்தும் உனக்கு உழைச்சிருக்கு அது."

இப்படித்தான் அவர் சத்தத்தைப் பிரித்தார். மிதிக்கும்போது கத்தினால் கிளட்ச் பேரிங். காலை எடுத்தால் கத்தி, மிதித்தால் அடங்கினால் கேடு கியர்பாக்ஸுக்குள். முதல் வகை வண்டி வழியில் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இரண்டாம் வகை மலையில் ஆளைத் தின்னும். "கத்துற வண்டி நம்மகிட்ட ஏதோ சொல்லுதுடா, அது வாயைப் பொத்தாதீங்க" என்று எத்தனை முறை சொன்னார்! யார் கேட்டோம்?

கியர்பாக்ஸை இறக்கினால் வண்டி வாரக்கணக்கில் முடங்கும். பனிச்சறுக்குக்கு ஆட்கள் வந்து குவியும் பருவத்தில், பயணிகளை ஏற்றும் ரயிலடி வரிசையில் நம் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். அதற்குப் பயந்து நாம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தோம். மாதாந்திரச் சோதனையில் அண்ணன் பானெட் மேல் காதை வைப்பார். நாம் முழங்காலில் போர்வையைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். "கிளட்ச்சை விட்டுட்டியா?" என்பார். "விட்டுட்டேண்ணே" என்போம். போர்வைக்கு அடியில் இடது கால் கிளட்ச்சை அழுத்திக்கொண்டிருக்கும். வண்டி ஊமையாகிவிடும். 'சரி' என்று சாக்கட்டியால் கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போவார்.

குனிந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். "ஒருத்தன் வாயால சொன்னதுக்கப்புறம் அவன் காலைக் குனிஞ்சு பார்த்தா, அவனைத் திருடன்னு சொன்ன மாதிரி இல்ல?" என்றார். இவ்வளவு நம்பியவரை நாம் என்ன செய்தோம்!

போன வாரம் கணவாய்க்கு அப்பால் ஒரு வண்டி பனியில் சிக்கிக்கொண்டது. இழுத்து வரக் கிளம்பியவர், வாசலில் நின்ற வண்டியில் ஏறினார். அது நம் ஓட்டுநர் மா ஜோங்பாலின் வண்டி. கண்ணாடியில் தன் கையால் போட்ட வட்டத்தை நம்பித்தான் ஏறினார். பணிமனையிலிருந்து வெளியே வந்து கிளட்ச்சை விட்டதுமே அவர் காதில் அது விழுந்திருக்கும். திரும்பியிருக்கலாம். ஆனால் மலைக்கு அப்பால் ஒருவன் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தானே! இறக்கத்தில் கியர்பாக்ஸ் உள்ளே நொறுங்கிச் சக்கரங்களைப் பூட்டிவிட்டது. கிளட்ச்சை மிதித்தும் பயனில்லை. தடுப்புக் கம்பியும் தாங்கவில்லை.

துக்க வீட்டில் ஜோங்பால் படத்துக்கு முன் விழுந்தவன் எழவே இல்லை. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மாட்டிறைச்சிச் சூப் அவனுக்கு வைத்தபடியே ஆறிப்போனது. "நான்தான் காலை வெச்சு ஏமாத்தினேன் அண்ணி, என்னை அடிங்க" என்று அழுதான். அடிக்கக் கை ஓங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் இப்போது எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அண்ணி அவர்களை விலக்கிவிட்டு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார். "எந்திரி. உன்னை அடிச்சா அவரு வரப்போறாரா? நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு அந்த மலையேறப்போற வண்டியில எத்தனை வண்டி இப்படி?"

ஜோங்பால் தலை நிமிராமலே சொன்னான்: "எல்லாருந்தான் செய்யறோம் அண்ணி."

கை ஓங்கியவர்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்தார்கள். ஒருவர்கூட 'நான் இல்லை' என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய வாக்குமூலம் வேண்டுமா? இந்தக் கூட்டம் முடிந்ததும் அதே வண்டிகளில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே கணவாயில்தானே இறங்கப்போகிறோம்? பின் இருக்கையில் யார் வீட்டுக் குழந்தை இருக்கும்?

அடுத்தது மௌன அஞ்சலி என்று தலைவர் தாளில் எழுதி வைத்திருக்கிறார். மன்னிக்க வேண்டும் தலைவரே, அதை நான் நடத்த மாட்டேன். அவரைக் கொன்றதே மௌனம்தான்!

எழுந்திருங்கள். எல்லோரும் வெளியே வாருங்கள். கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கி நில்லுங்கள். இரண்டு காலும் பனியில் இருக்கட்டும். இனி எல்லா மாதமும் சோதனை இப்படித்தான் நடக்கும். பியோ அண்ணனின் பணியைத் தொடர்வது என்றால் எனக்குத் தெரிந்த வழி இதுதான். கத்துகிற வண்டியின் சாவியை அண்ணியின் கையில் கொடுங்கள். அந்த வண்டி சரியாகும்வரை ரயிலடியில் அதன் இடம் காலியாகவே நிற்கும், ஒருவரும் அதில் நுழையக் கூடாது.

ஜோங்பால், கடைசி வரிசையில் நிற்பது போதும், முன்னால் வா. உனக்கு வண்டி இல்லை. நீ ஒவ்வொரு கதவாகத் திறந்து குனிந்து பார். கிளட்ச்சுக்கு எவனாவது கட்டையை முட்டுக் கொடுத்திருந்தால் உன் கண்ணுக்குத் தப்பாது. அவர் குனிய மறுத்த இடத்தில் நீ குனி.

அண்ணி, வாசலுக்கு வாருங்கள். முதலில் என் வண்டி. கத்தினால் கத்தட்டும்.