பத்து விநாடி அவகாசம்

எங்கள் அலுவலகத்துக் கணினிகள் காலையில் கண் விழித்ததும் முதலில் என்னைத்தான் தேடும். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஏற்பாடே அப்படி. கணினி விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். விசாரணைக்கு வந்தவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பொத்தானை அமுக்கியதும் ஒரு கணினிக்குத் தான் யார் என்பதே தெரியாது. பகல் தூக்கத்திலிருந்து எழுந்த ஆள் மாதிரி விழிக்கும். கேபிள் வழியாக, யாராவது இருக்கிறீர்களா, நான் என்ன செய்யட்டும் என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். அதற்கு என் சர்வர், அதாவது மற்ற கணினிகளுக்கெல்லாம் உத்தரவு கொடுக்கும் கணினி, பதில் சொல்லும். ஒவ்வொரு கணினியிலும் தொழிற்சாலையிலேயே பொறித்த பன்னிரண்டு எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. அந்த அடையாளத்தின் பெயரில் சர்வரில் ஒரு சின்ன ஃபைல் இருந்தால், அதில் எழுதியிருப்பதுதான் அந்தக் கணினிக்கு அன்றைய தலையெழுத்து. ஃபைல் இல்லையென்றால், உன்னிடம் இருப்பதை வைத்துக்கொண்டு வேலையைப் பார் என்று சர்வர் அனுப்பிவிடும்.

அந்த ஃபைலில் நான் எழுதுவது பெரும்பாலும் ஒன்றேதான். பழசை வழித்துப் போடு, எல்லாவற்றையும் புதிதாக நிறுவிக்கொள். இருபது நிமிடம். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். நான்கு மாடி, நூற்று நாற்பது கணினிகள், நான் ஒருத்தன். இப்போது உங்களுக்குப் புரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. புதிதாக நிறுவி முடித்த கணினி தன்னைத் தானே ஒருமுறை அணைத்து எழுப்பும் அல்லவா. எழுந்ததும் மறுபடி சர்வரைக் கேட்கும். நான் ஃபைலை எடுக்க மறந்திருந்தேன். ஆகவே மறுபடி வழித்துப் போட்டு, மறுபடி நிறுவி, மறுபடி எழுந்து, மறுபடி கேட்டு, பன்னிரண்டு கணினிகள் சாயங்காலம் வரை குளித்துக்கொண்டே இருந்தன. அதற்குப் பிறகுதான் ஒரு வேலை செய்தேன். நிறுவி முடித்ததும் கணினியே சர்வரிடம் "முடிந்தது" என்று சொல்லும், சர்வர் அந்த ஃபைலை நீக்கிவிடும். யாராவது பிறகு வந்து பார்த்தால் ஃபைல் இருந்த சுவடே தெரியாது. நடந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் பதிவேட்டில் மட்டும் ஒரு வரி இருக்கும். அந்த வரியைத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அழித்திருக்கலாம். ஆனால் பதிவேட்டில் கை வைக்கிறவன் நான் இல்லை.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் மாடியில் கட்டட வரைபடம் போடுகிறாரே, அவர் என் தங்கையின் கணவர். வேலையில் கெட்டி. என்னைப் பார்த்தாலே, "என்ன மச்சான், இன்னிக்கு யார் தலையில கை வைக்கப் போறீங்க?" என்பார். நானும், "உங்க மெஷினுக்குத்தான் மாப்ளே நாள் பார்த்துட்டு இருக்கேன்" என்பேன். தங்கை இருந்தவரை எங்கள் பேச்சு இப்படித்தான்.

தங்கை இறந்து பதினோரு மாதம் ஆகிறது. வீட்டில் தனியாக இருந்தபோது நெஞ்சு வலி. பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணிக்கு வந்த மகள்தான் முதலில் பார்த்தாள். தங்கை விழுந்தபோது கையிலிருந்த போனும் விழுந்து கண்ணாடி தெறித்துவிட்டது. மாப்பிள்ளை அதை என்னிடம் கொண்டுவந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் வேறு எதுவும் தாங்காது என்பார். போன் அடங்குவதற்குள் அதில் இருந்த குரல் பதிவுகளை நான்தான் அவருடைய கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள், எண் மட்டும் போட்டு, தேதி வரிசையில். தங்கைக்கு எழுதி அனுப்பப் பொறுமை கிடையாது. எல்லாருக்கும் பேசியே அனுப்புவாள். மகளுக்குப் பாடிய பாட்டு, பள்ளி வேன்காரருடன் போட்ட சண்டை, எல்லாம் அதில் இருந்தது.

மாப்பிள்ளை மதிய இடைவேளையில் ஒன்றே ஒன்று கேட்பார். முதலிலிருந்து வரிசையாக. ஒருநாள் நான், "ஒரேயடியா கேட்டு முடிச்சிட வேண்டியதுதானே?" என்றேன்.

"தீர்ந்துடுமே மச்சான்" என்றார்.

கேட்கும்போது டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருக்கும். பாதி சாப்பாடு அப்படியே வீட்டுக்குப் போகும். ஆள் பாதியாகிவிட்டார். தேங்கிப்போன கணினியை என்ன செய்வோம்? ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிடும். துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் மறுநாளே கலகலப்பாக ஓடும். நான் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். அவருக்கும் மகளுக்கும் ஒரு நல்ல தொடக்கம் வேண்டும் என்று நினைத்தேன். தாய்மாமன் நினைக்காமல் வேறு யார் நினைப்பார்கள்?

சனிக்கிழமைகளில் மாப்பிள்ளை மகளையும் அழைத்து வருவார். ஆறு வயது. எல்லாரும் சுண்டு என்று கூப்பிடுவோம். அன்றைக்கு மட்டும் புதிது எதுவும் இல்லை, பழைய பாட்டுகளில் அவள் கேட்பதைப் போடுவார். கணினியின் பொத்தானை அமுக்குவது அவளுடைய உரிமை. வேறு யாராவது அமுக்கினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கிளம்பியதும் அவருடைய கணினிக்கு அந்த ஃபைலை எழுதினேன். எட்டு வரி. வழக்கமாக ஏழு போதும். ஆனால் சாதாரணமாக வழித்ததை, தெரிந்தவர்கள் உட்கார்ந்து தோண்டினால் ஓரளவு மீட்டுவிட முடியும். எட்டாவது வரி, எதையும் மீட்க முடியாதபடி கணினியின் வட்டு முழுவதும் பூஜ்ஜியத்தால் நிரப்பச் சொல்வது. செய்கிற வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை நானும் இரண்டாம் மாடிக்குப் போனேன். நிறுவும்போது பொறுப்பானவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மாப்பிள்ளை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சுண்டு நாற்காலியில் முட்டி போட்டு நின்று பொத்தானை அமுக்கினாள். திரை கறுத்து, நடுவில் பத்து என்று வந்தது. அது என் வழக்கமான மரியாதை. யாருடைய கணினியாக இருந்தாலும், நிறுத்துவதற்குப் பத்து விநாடி அவகாசம் கொடுப்பேன். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் போதும். அவருக்கும் அதைக் குறைக்கவில்லை, பாருங்கள்.

"மாமா, நம்பர் வருது."

"ஆமா. எண்ணு பார்க்கலாம்."

"ஒம்போது. எட்டு." பின்னாலிருந்து எண்ண அப்போதுதான் கற்றிருந்தாள். "கீழ என்னமோ எழுதியிருக்கே மாமா, என்ன அது?"

"அது பெரியவங்களுக்கு. நீ விட்டுடாம எண்ணு."

ஒன்று வரை ஒரு தப்பில்லாமல் எண்ணினாள். நான் கைதட்டினேன். மாப்பிள்ளை பாட்டிலோடு வந்தபோது திரையில் நான்கு சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. பாட்டிலை மேசையில் வைத்தார். பிறகு, "எதையாவது அமுக்கிட்டியாம்மா?" என்று மகளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "மெஷின்தானே மாப்ளே, சில சமயம் இப்படி ஆகும்" என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, "விடுங்க மச்சான். உங்களுக்கும்தானே போச்சு, உங்க தங்கச்சி குரல்" என்றார். தங்கமான மனிதர். இன்றுவரை என்மேல் ஒரு சந்தேகம் கிடையாது. ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மூன்று வரைபடங்களும் சேர்ந்து போனதால்தான் நிர்வாகம் உங்களை அனுப்பியது. அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏன் குறிப்பாக அந்தச் சனிக்கிழமை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. மாப்பிள்ளை அப்போது இருநூற்று மூன்றாவது பதிவு வரை வந்திருந்தார். ஒன்பதுதான் பாக்கி. கடைசிப் பதிவு தங்கை இறந்த அன்றைக்கு, பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. பதினான்கு விநாடி. எனக்கு அனுப்பியது.

நான் வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். "நீ எங்க எடுக்கப் போறே, நான் பேசி அனுப்பிடறேன்" என்பாள். அன்றைக்கு நாற்பது கணினிகளுக்கு ஒரே நேரத்தில் நிறுவல் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததைப் பார்த்தேன். அவள் வீடு இங்கிருந்து பத்து நிமிட நடை. மாப்பிள்ளை அன்றைக்குப் புதுக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் அளவெடுத்துக்கொண்டிருந்தார், சிக்னல் கிடையாது. அவர் இன்னமும் புலம்புவது ஒன்றைத்தான்: "யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ."

அந்த ஒன்றை மட்டும் நீக்கியிருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் அவர் எண்ணி வைத்திருந்ததைப் பார்த்ததில்லை. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் எங்கே போச்சு என்று கேட்பார். எல்லாமே போனால் யாரும் எதையும் கேட்பதில்லை. தொழில்நுட்ப ரீதியாக அதுதான் சரியான வழி. தவிர, நான் செய்தது அவருடைய நன்மைக்காக. அந்தப் பதிவு அதே வட்டில் இருந்தது என்பது தற்செயல்.

அவள் குரல் வேறு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்டீர்கள். இருக்கிறது, என் போனில், அந்தப் பதினான்கு விநாடி. இன்னும் திறக்கவில்லை என்பதற்கான சின்னப் புள்ளி அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்தான். ஆனால் என்ன பேசியிருக்கிறாள் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? பெரிதாக ஒன்றும் இருக்காது, வரும்போது தையல் நூல் வாங்கி வா என்று சொல்லியிருப்பாள். மூன்றாம் மாடிக்கு அறுபது புதுக் கணினிகள் வந்து இறங்கியிருக்கின்றன. அந்த வேலை ஒரு வழிக்கு வந்ததும் நிதானமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.