கேரியரைப் பிடித்துக்கொண்டு

அரியலூரில் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மூத்தவள் அலுப்போடு சொன்னாள்:

"கண்ணு ரெண்டும் போனதுக்கப்பறமும் எங்க வூட்டுக்காரரு சைக்கிள் இல்லாம லைப்ரரிக்கு வரமாட்டேங்குறாரு."

"எப்புடிக்கா ஓட்டுவாரு?"

"எங்க ஓட்டுறது? நான் ஹேண்டில்பாரப் புடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போறேன். அவரு கேரியரப் புடிச்சுக்கிட்டு பின்னாடியே நடந்து வராரு."

"அங்க போயி என்ன பண்ணுவாரு?"

"பேப்பர்ல ஒரு தாள வாங்கி முன்னாடி விரிச்சு வச்சுக்குவாரு."

"நீங்க படிச்சுக் காட்டலாம்ல?"

"நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்?"

வரிசை நகர்ந்தது. டின்னைக் காலால் முன்னே தள்ளினாள்.

"நேத்து ஒருத்தரு அந்தத் தாளுக்காக ரொம்ப நேரம் பக்கத்துலயே நின்னாரு. கடைசில, 'முடிச்சிட்டீங்களா சார்'னு கேட்டாரு. இவரு குனிஞ்ச தலைய நிமுத்தல. 'இன்னும் கொஞ்சம் இருக்குங்க'ன்னாரு."