மாதா கச்சையின் சாம்பல்

எங்கள் ஊர்க் கோயில் சுவரிலிருந்த புனிதர்களின் மேல் சுண்ணாம்பு அடித்தது நான்தான். இரண்டே பூச்சில் முகங்கள் மறைந்தன. நல்ல சுண்ணாம்பு.

பழைய கத்தோலிக்கச் சடங்குகளை ஒழிக்கச் சொல்லி இங்கிலாந்து மன்னர் எட்வர்டின் ஆணை எங்கள் டெவன் மாவட்டத்துக்கு வந்தபோது நான் கோயில் காரியஸ்தன். சுரூபச் சிலைகளை இறக்கினேன், மெழுகுத் திரிகளை ஒழித்தேன். கோயிலிலிருந்த மாதா கச்சையை மட்டும் எரிக்கவில்லை. அது ஒரு நீலப் பட்டுத் துண்டு. வலி கண்டவளின் வயிற்றில் கட்டினால் பிள்ளை பத்திரமாக வரும் என்று எங்கள் பெண்கள் நம்பினார்கள். என் மனைவி வில்மட்டுக்கு அப்போது எட்டாம் மாதம். எரித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டு, கச்சையை மாவுப் பெட்டிக்குள் வைத்தேன்.

அந்த வாரமே அடுத்த வீட்டு சிசிலிக்கு வலி எடுத்தது. இரண்டு நாளாகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி தாமசின் என் வாசலுக்கு வந்தாள்.

"கச்சையக் குடு தம்பி. யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

கொடுத்தால் ஊருக்குத் தெரியும், பறித்து எரிப்பார்கள், வில்மட்டுக்கு இல்லாமல் போகும்.

"எரிச்சாச்சு அக்கா."

"அப்ப சாம்பலையாவது குடு. தண்ணியில கரைச்சு ஊத்திப் பாக்குறேன்."

அடுப்பிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தேன். அவள் அதை முத்தமிட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாள் சிசிலியும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த மாதம் வில்மட்டுக்கு நானே கச்சையைக் கட்டிவிட்டேன். தாமசின் வந்து போர்வையை விலக்கினாள், கச்சையைப் பார்த்தாள். பிரசவம் பார்த்து என் மகளை எடுத்துக் கையில் தந்தாள். கை கழுவும்போதுதான் சொன்னாள்.

"உன் வீட்டுச் சாம்பல் நல்லா இருந்துச்சு தம்பி. சிசிலி முகஞ்சுளிக்காம குடிச்சா."

வில்மட் விழித்துத்தான் இருந்தாள்.

பிறகு பேராயரின் ஆட்கள் விசாரணைக்கு வந்தார்கள். பேறுகாலத்தில் பழைய சடங்கு செய்பவர் உண்டா என்று காரியஸ்தனிடம்தான் கேட்பார்கள். தாமசின் சிசிலிக்குச் சாம்பல் கரைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் பையைச் சோதித்தார்கள், கச்சை இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான். நான் எரித்தது போலி, அசலை அவள் ஒளித்துவிட்டாள் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். நகரத்துச் சிறையில் காய்ச்சல் கண்டு, அறுவடைக்கு முன்பே அவள் இறந்தாள்.

மறு வருடம் வில்மட்டுக்கு மறுபடி வலி வந்தது. ஏழு வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள்.

"நீங்க சட்டம் தெரிஞ்சவரு. நாங்க வந்து ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டா?" என்றாள் ஒருத்தி.

யாரும் வரவில்லை. மூன்று நாள் நானே பக்கத்தில் இருந்தேன்.

வில்மட் கடைசி மூச்சுவரை தாமசினைத்தான் கூப்பிட்டாள். என் கையைத் தள்ளிவிட்டாள். வலி முற்றினால் பெண்களுக்கு ஆள் அடையாளம் தெரியாது.