இரண்டு மாடிக்கு ஒரே சேனல்

"ஹலோ… அக்கா? கிளம்பிட்டியா?… இன்னும் இல்லையா? அப்பாடா… இல்ல இல்ல, சும்மாதான்… ஏன், தம்பி சும்மா போன் பண்ணக் கூடாதா?… கீழ ஸ்டுடியோவுலதான் இருக்கேன்… மேல ஏறி வரலாம்தான்… கால் வலி… எனக்குத்தான், வேற யாருக்கு?"

கால் வலி சுத்தப் பொய். போட்டோ எடுக்க வருகிறவர்களை உட்கார வைக்கும் முக்காலியில் தானே உட்கார்ந்துகொண்டு, தம்பிக்காரன் கூரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கூரைக்கு மேலேதான் அக்காவும் மச்சானும் நடத்தும் ஸ்டுடியோ. ஒரு மணி நேரத்துக்கு முன் படிக்கட்டில் மச்சான் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து இவன் ஒரு படமும் எடுக்கவில்லை.

"நாலு மணிக்கு டாக்டர்னு மச்சான் சொன்னாரு… ஆமா, நரம்பு டாக்டர்… அக்கா, அதைக் கொஞ்சம் தள்ளிப் போடேன்… உனக்கு ஒண்ணும் இல்லன்னு தோணுது… நான் டாக்டர் இல்லதான்… போட்டோக்காரன்தான்… அதான், போட்டோக்காரனுக்குத் தெரிஞ்ச விஷயமாத்தான் சொல்ல வரேன். அந்த ஃபிளாஷ் தானா அடிக்குதே… உன் கை நடுங்கி பட்டன் அமுங்குதுன்னு மச்சான் சொல்றாரே… அப்படி இருக்காதுக்கா."

மச்சான் ஒரு மாதமாகப் புது மாதிரிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அறையை இருட்டாக்கி, கேமராவின் கண்ணை ஆறு வினாடி திறந்தே வைப்பார். அக்கா கையில் ஃபிளாஷ். கேமரா திறந்ததும் அது இடப்பக்கத்திலிருந்து ஒருமுறை தானாக மின்னும். உட்கார்ந்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா பூனை மாதிரி வலப்பக்கம் நடந்துபோய் பட்டனை அழுத்தி இன்னொருமுறை மின்ன வைப்பாள். ஒரே ஆள், ஒரே படத்தில் இரண்டு திசையும் பார்ப்பார். ஆனால், அழைக்காத விருந்தாளி மாதிரி நடுவில் மூன்றாவது மின்னல் ஒன்று வந்து நுழைந்தது. இரண்டு முகம் விழ வேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒரு மூக்கு முளைத்தது. ஃபிளாஷ் அக்கா கையில் இருந்ததால், பழியும் அந்தக் கைக்கே போனது.

"நேத்துதான் கவனிச்சேன்க்கா. உன்னோட ஃபிளாஷும் என்னோடதும் ஒரே சேனல்ல இருக்கு… வாங்கின அன்னிக்கு நான்தானே செட் பண்ணிக் கொடுத்தேன்? ஒருத்தரோடதை ஒருத்தர் வாங்கிக்கலாம்னு ஒரே நம்பர் வெச்சேன்… ஆமா. இங்க நான் கேமராவை அழுத்தினா, அங்க உன் கையில இருக்கறதும் அடிக்கும்… காத்துல வர்ற சமாச்சாரம்க்கா, கூரையெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டா?"

'நேற்று' என்பது அவன் சொன்ன முதல் விலை. கடைத்தெருவில் வளர்ந்தவன், குற்றமாகவே இருந்தாலும் அடிமாட்டு விலையிலிருந்துதான் ஆரம்பிப்பான். அக்காவும் அதே கடைத்தெருவில் வளர்ந்தவள் என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று.

"…சரி, நேத்து இல்ல. போன வாரம்… சத்தியமாக்கா… சத்தியம் பண்ணாதேன்னா எப்படி?… சரி, சரி. மூணாம் நாளே தெரியும்… ஆமா, ஆரம்பிச்ச மூணாம் நாள். நான் இங்க அழுத்தறப்பல்லாம் மேல மச்சான் கத்தறது ஜன்னல் வழியா கேட்டுச்சு. புரிஞ்சு போச்சு… சொல்லத்தான் படி வரைக்கும் வந்தேன்… வந்தேன்க்கா! அப்பதான் அவர் அன்னிக்குப் பேசினது ஞாபகம் வந்துச்சு."

அன்றைக்கு வீட்டு விசேஷத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், இவன் எடுத்த ஒரு தச்சரின் படத்தை மச்சான் தூக்கிக் காட்டினார். ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் இருட்டு. இவன் நாள் முழுக்க ஃபிளாஷை நகர்த்தி நகர்த்தி எடுத்த படம். "கரண்ட் பில்லுக்குப் பயந்து பாதி மூஞ்சிக்குத்தான் லைட்டு போட்டிருக்கான் பாருங்க!" என்றார். வீடே சிரித்தது.

"…நீயும்தான் சிரிச்ச. எல்லாரையும் விட நீதான் சத்தமா சிரிச்ச… அதுக்காகன்னு இல்ல… சரி, அதுக்காகத்தான்… எத்தனை தடவைன்னா? வேலை நேரத்துல அழுத்தினது தொழில், அதைச் சேர்க்காதே… வேணும்னே அழுத்தினதுன்னா… ரெண்டு… ஒரு நாலு இருக்கும்… எண்ணலைக்கா. ஆளே இல்லாமலும் அழுத்தினேன். காலி முக்காலியைப் பார்த்து. மேல மச்சான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறது கேக்கும்… மூணு வந்ததும் அழுத்துவேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். இதற்கு மேல் விலை ஏற்ற அவனிடம் வேறு குற்றம் மிச்சமில்லை.

"அக்கா?… இருக்கியா?… திட்டிடேன்… என்ன? அம்மாவா? அம்மா ஞாபகம் எதுக்கு இப்ப?…"

அவன் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அம்மாவும் கை நடுக்கத்தில்தான் படுத்துப் போய்ச்சேர்ந்தாள். முதலில் காபி தட்டில் சிந்தியது. அப்புறம் ஊக்கு மாட்ட முடியவில்லை. கடைசி இரண்டு வருஷம் இவர்கள் இருவரும்தான் மாற்றி மாற்றி ஊட்டிவிட்டார்கள். மச்சானின் கர்வத்தைக் குறிபார்த்து எறிந்த கல் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"…இல்லக்கா, அப்படி இல்ல… ரெண்டு கையாலயா டம்ளரைப் பிடிக்கற? எத்தனை நாளா?… ஊசியில நூலா? தினம் காலையிலயா கோத்துப் பார்க்கற?… கோத்துட்டதானே? சொல்லு, கோத்துட்டல்ல?… மூணாவது தடவை போச்சுன்னா என்னக்கா, எனக்கு ஏழாவது தடவையும் போகாது… ஐயோ, அழாதே… நான் நாய். நாய்க்கா நான்… ஆமா… ஆமா… அதை விடக் கேவலம், ஆமா."

"…யார்கிட்ட? மச்சான்கிட்டயா? இப்பவா?… நீயே சொல்லிடேன்… மெசேஜ் வேணா போடறேன்… சரி. சரி, கொடு… மச்சான், நான்தான்… ஆமா, எல்லாம் நான் பண்ணதுதான்… அக்காவைக் காப்பாத்தப் பொய் சொல்றேனா? எனக்கு ஏது மச்சான் அவ்வளவு நல்ல மனசு?… நம்பலைன்னா ஃபிளாஷை ஆன் பண்ணி அக்கா உள்ளங்கையில வைங்க. விரல் எங்கயும் படக் கூடாது… வெச்சாச்சா? ஸ்பீக்கர்ல போடுங்க. அக்கா, கையை அப்படியே விரிச்சு வெச்சுக்கோ. அழுத்தறேன்."

பக்கத்து ஸ்டாண்டில் அவனுடைய ஃபிளாஷ் மின்னி அணைந்தது. அவன் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"அடிச்சுதா?… மச்சான்?… இன்னொரு தடவையா? இந்தாங்க… இன்னும் ஒண்ணா? சரி… என்கிட்ட எதுக்கு மச்சான் மன்னிப்பு? ஓ… அக்காகிட்டயா… சரி… கேளுங்க, கேளுங்க. நான் காதைப் பொத்திக்கறேன்."

பொத்திக்கொள்ளவில்லை. போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தான். வெகு நேரம் கழித்து அக்கா போனுக்கு வந்தாள்.

"ம்… ம், சொல்லுக்கா… ஆமா… ஆமா, நிச்சயமா… உன் கை இல்லக்கா. என் கை… இல்ல, உன் கைக்கு ஒண்ணுமே இல்ல. என் கைதான்… அக்கா, நான் மேல வந்து உன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை… ஹலோ?… அக்கா?… ஹலோ?"

இணைப்பு போயிருந்தது. மேலே கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம், போன் இல்லாமலேயே அவன் காதுக்குத் தெளிவாகக் கேட்டது.