வியாழக்கிழமைக் கறி

ஆட்டுக்கறி வாங்க வருகிறவர்கள் கறியைப் பார்ப்பதில்லை, வாலைப் பார்க்கிறார்கள். தொங்குகிற உடம்பில் குட்டை வால் நிமிர்ந்திருந்தால் வெள்ளாடு, வெள்ளாடு என்றால் நல்ல கறி. நகராட்சி முத்திரையும் தெரிந்துவிட்டால் பேச்சே இல்லை. சேலத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கறிக்கடை வைத்திருக்கிறேன். முகத்தில் மூக்கு இருப்பதே இந்த ஜனங்களுக்குச் சளி பிடித்தால்தான் ஞாபகம் வருகிறது.

என் வக்கீல் கந்தவேல் நேற்று ஜெயிலுக்கு வந்தார். "டாக்டரே கிருமின்னுதான் எழுதியிருக்காருங்க உபகாரசாமி. அது கண்ணுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருங்க, போதும்" என்றார். படித்த முட்டாள். என் தொழில் எனக்குத் தெரியாது என்று கோர்ட்டில் எழுதிவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் மாஜிஸ்திரேட் ஐயா.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, சங்ககிரி லாரி முதலாளி ஒருவர் வீட்டு விருந்துக்காக மூன்று கிடா அறுத்தேன். விருந்து நின்றுபோனது. ஏப்ரல் வெயில். ஈரச்சாக்கு சுற்றி உள்ளறையில் தொங்கவிட்டேன். சனிக்கிழமையே கையில் பிசுபிசுத்தது.

மறுநாள் ஈஸ்டர், பாஸ்கு ஞாயிறு. எங்கள் கிறிஸ்தவர்கள் நாற்பது நாள் கறி தொடாமல் தவசு இருந்துவிட்டு, பூசை முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அன்று காலை அறுத்த கிடா ஒன்றை வாலோடு முன்னால் மாட்டினேன். அதன் ரத்தத்தைப் பழைய கறியில் பூசி, உள்ளேயிருந்து நிறுத்துப் போட்டேன். வயிறு கெட்டாலும் என்னைச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு பாஸ்குக்கும் நாலு பேருக்கு வயிறு போகும். இத்தனை நாள் கழித்துத் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

ஒருத்தி மட்டும் முகர்ந்து பார்த்தாள், மரியபுஷ்பம் டீச்சர்.

"ஏனுங்க, இது வாடை அடிக்குதுங்களே. வேற போடுங்க."

"நாப்பது நாளா ரசத்தையே மோந்த மூக்குங்க டீச்சர். கறி வாசனையே மறந்துபோச்சுங்களா?"

கூட்டமே சிரித்தது. அவள் புருஷன் தோமினிக்கும் சிரித்தான். "வா புஷ்பம், மானத்தை வாங்காத" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு இலைப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். புதுக் கறி முன்னால்தான் தொங்கியது. அதில் ஒரு ராத்தல் வெட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அடுத்தவனும் முகர்ந்து பார்ப்பான்.

பதினோரு வீட்டில் வாந்திபேதி. மற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். டீச்சர் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். தோமினிக் இன்றைக்கும் தவசு இருந்த வயிறு என்று சொல்லித்தான் அழுகிறான். அவனைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. அன்று கடை முன்னால் ஐம்பது பேர் நின்றார்கள். கறி கெட்டது என்று தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி அவள், இன்னொருவன் நான். அவளையும் நாலு பேரைச் சிரிக்கவைத்தே தின்னவைத்துவிட்டேன்.