கதவில் எழுதி வைத்தது

ஹலோ... ஆமா, ஒடேராதான். மட்டாட்டு வேன்ல ஆள் ஏத்தி ஓட்டுற ஒடேரா. யாரும்மா அது?... எந்த ஆஸ்பத்திரி?... ம்ஹூம். என் பொண்ணு அங்க படுத்திருக்கான்னு உனக்கு யாரு சொன்னது?... நர்ஸா? நர்ஸுன்னா எதுக்குச் சொந்த நம்பர்லருந்து கூப்பிடுற?...

இரு. டேய் ஒண்டிட்டி! என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற! மசேனோ, மசேனோன்னு கூவி ஆள ஏத்துடா!... உன்ன இல்லம்மா, கண்டக்டர.

ம், சொல்லு. அடுத்து என்ன, பொண்ணுக்கு ரத்தம் வேணும், மருந்து வேணும், உடனே போன்ல பணத்தத் தட்டி விடுங்க, அதானே? போன வாரம் இந்த ஒண்டிட்டியக் கூட ஒருத்தி இப்படித்தான் கூப்பிட்டா. உங்கம்மா லாரியில அடிபட்டுட்டாங்கன்னு என்னா அழுக! இவன் அனுப்பிட்டு அலறியடிச்சு ஓடினா, அந்தம்மா வீட்ல உக்காந்து மீன் பொரிச்சிட்டிருக்கு...

பணம் வேணாமா? அப்ப என்னதான் வேணும்?... கேள்வியா? கேளு, கேளு.

...என்னது? வண்டியில போனா வாந்தி எடுப்பாளாவா?

ஏம்மா, நாளைக்கு அவளுக்கு மாறுகண் ஆபரேஷன். கண்ணுல! கண்ணுக்கும் வயித்துக்கும் என்னம்மா சம்பந்தம்? ஏமாத்த வர்றவ கொஞ்சம் விசாரிச்சிட்டு வரக் கூடாதா?... சரி, நீ நர்ஸுதானே? அவ தலையில இப்ப என்ன போட்டிருக்கா, சொல்லு பாப்போம்... ஆமா. மஞ்சக் குல்லாதான். கழட்டவே மாட்டேங்கிறாளா?... ஆமா ஆமா, அவதான். தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். காலம் கெட்டுக் கிடக்கு.

ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குச் சரியாப் படல. எங்கயாவது வெளியூருக்கு ஏத்தி அனுப்பப் போறீங்களா?... இல்லையா?... ஓ. மயக்க மருந்து வயித்தப் பெரட்டுமா... கண்ணு ஆபரேஷன்னா இன்னும் ஜாஸ்தியா... ம்... வயசு வந்த பொண்ணுங்களுக்கு அதுக்கும் மேலயா? ஐயையோ. குமட்டிக் குமட்டிக் குலுங்கினா தையல் போட்ட கண்ணு என்னத்துக்கு ஆகும்?... சரி. வண்டியில வாந்தி எடுக்கிறவங்களுக்குத்தான் இதுவும் ஜாஸ்தி வருமா... யாருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா, கண்ணு முழிக்கிறதுக்குள்ள ஊசி போட்டுத் தடுத்துருவீங்க. புரியுது, புரியுது.

அப்ப கவலைய விடுங்க. என் பொண்ணு அபோண்டிக்கு அதெல்லாம் கெடயாது. டிரைவர் பொண்ணு சிஸ்டர்! என் வண்டியில வாந்திக்கே எடம் கெடயாது. கதவுல செவப்புப் பெயிண்டுல எழுதியே வச்சிருக்கேன், 'வாந்தி வருகிறவர்கள் நடந்து போகவும்'னு. வண்டிங்க நிக்கிற ஸ்டேஜே படிச்சுப் படிச்சுச் சிரிக்கும்...

கடைசியா எப்ப ஏறினாளா? அது... ஹைஸ்கூல் சேந்ததுலருந்து ஏறல. நடந்துதான் போறா. அப்பன் வண்டியில ஏறினா கௌரவம் கொறஞ்சிடும்ல! ஸ்டேஜ் பக்கம் வந்தா மூக்கப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவா. நான் ஹாரன் அடிப்பேன், காது கேக்காத மாதிரி போவா. என்னப் பாத்தா அவளுக்கு வெக்கம் சிஸ்டர். பெத்த மனசு எரியாதா?...

அவ அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்திருக்காவா? ஆமா, சின்னவன் பொறந்தப்ப வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. முழிச்சதுலருந்து ஒரே வாந்தி. மாமியார் குடுத்த மீன் சாறுதான் காரணம்னு, இன்னிக்கி வரைக்கும் அந்தம்மா வீட்ல நான் கை நனைக்கல... என்ன? அதுவும் மயக்க மருந்தாவே இருக்கலாமா? அட போங்க சிஸ்டர்!

இருங்க, இருங்க. அபோண்டிக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்ல? திரும்பத் திரும்ப அதயே ஏன் கேக்குறீங்க? உங்ககிட்ட யாரோ வேற மாதிரி சொல்லியிருக்காங்க. யாரு? அவ அம்மாவா?... பின்ன?... அபோண்டியேவா?

...டீசல் வாசனைக்கேவா?... ஏறி உக்காந்தாலே வந்துருமா... அதான் மூக்கப் பொத்துனாளா...

அவகிட்ட குடுங்க. குடுங்க சிஸ்டர், திட்ட மாட்டேன்.

அபோண்டி... அப்பாதான்மா... ம்... ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?... என்ன எழுதியிருக்கு?... கதவுலயா?...

...அது ஊருக்கு எழுதினதுடி. உனக்கா எழுதினேன்?... ஆமா. ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கு... அதனால நடந்தியா? மழையிலயும்?...

அழாத. கண்ணு செவந்துடும், நாளைக்கு ஆபரேஷன். எனக்கு ஒண்ணும் கோவமில்ல. நீ வெக்கப்படுறன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன், கிறுக்கன்... வீட்டுக்கு வரும்போதா? வண்டி வேணாம். நானும் உங்கூட நடந்தே வர்றேன். ஏரிக்கரையோட மெதுவா வந்துடலாம்... சரி, சிஸ்டர்கிட்ட குடு.

சிஸ்டர், நான் சொன்னத அடிச்சிடுங்க. வரும். வண்டியில வரும், அவ அம்மாவுக்கும் வந்துச்சு, எல்லாத்தையும் எழுதிக்கோங்க. ஊசிய மட்டும் மறந்துடாதீங்க சிஸ்டர்...

டேய் ஒண்டிட்டி, கூவினது போதும். பெயிண்ட் டப்பா எங்க?... ஆள் ரொம்பிடுச்சா? ரொம்பட்டும், உக்காந்திருக்கட்டும்...

வைங்க சிஸ்டர், வைங்க. கதவுல ஒரு வேல இருக்கு.