சோற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை

தேங்காய்ப்பால் சோறு குழையாம வரணும்னா அரிசியை ரொம்ப நேரம் ஊற வைக்கக் கூடாது மேடம். கழுவி, நல்லா வடிய விட்டு, பாலை அளந்துதான் ஊத்தணும். நெறைய பேர் கண்ணை மூடிக்கிட்டு ஊத்திட்டு, சோறு களியாப் போச்சுன்னு ரைஸ் குக்கரைத் திட்டுவாங்க. குக்கர் என்ன பண்ணும், பாவம். நீங்க சமைப்பீங்களா? போலீஸ் வேலையில நேரம் எங்க கெடைக்கும். சரி, கேட்டதுக்கு வர்றேன். டீ கொடுத்ததுக்கு நன்றி. சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லலா.

பேரு ஸ்ரீநாத். தெம்பனிஸ்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. காசு கேட்டு வர்றவங்க சொல்றது நெசமா பொய்யான்னு பாக்குறது என் பொறுப்பு. தலையைத் திருப்பவே முடியலன்னு கழுத்துப் பட்டையோட வந்த ஒருத்தர், தங்கச்சி கல்யாணத்துல குத்தாட்டம் போட்டதை வீடியோ எடுத்தவன் நான்தான். அவர்கிட்டயே போய், "அண்ணே, நெசமாவே வலியா"ன்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பார்? உயிர் போகுது தம்பின்னுதான் சொல்லியிருப்பார். அதனால எங்க வேலையில நேரா கேக்குறதே கெடையாது. கேட்டா ஆள் உஷாராயிடுவாங்க. வாயை மூடிக்கிட்டு சோதிச்சுப் பாக்கணும். இதை நீங்க மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் சுலபமா விளங்கும்.

என் மனைவி நிரஞ்சனாவுக்கு இறால் ஆகாது. பொண்ணு பாக்கப் போனப்போவே அவ அக்கா லீலா சொல்லிட்டாங்க. ஒரு துண்டு உள்ள போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைச்சுக்கும், அதனால ஹேண்ட்பேக்ல எப்பவும் பேனா மாதிரி ஒரு ஊசி இருக்கும், தொடையில குத்திக்கணும்னு எனக்கே சொல்லிக் கொடுத்தாங்க. நான் குறை சொல்லல. எங்க வீட்டுல ரெண்டு வாணலி, ரெண்டு அகப்பை, ரெண்டு வெட்டுப் பலகை. எனக்கு இறால்னா உயிர். நீ சாப்பிடலன்னா நானும் தொடமாட்டேன்னு சொன்னதுக்கு, "ஐயே, பெரிய தியாகி. உன் வாணலியில நீ செஞ்சு சாப்பிடு ஸ்ரீ, ஜன்னலைத் தொறந்து வையி, போதும்"னா. நான் இறால் வதக்கும்போதெல்லாம் அவ பக்கத்து வீட்டு முனீராவோட காரிடார்ல நின்னு கதை பேசிக்கிட்டு இருப்பா. சிரிப்புச் சத்தம் கிச்சன் வரைக்கும் கேக்கும். என்ன சொல்லி அப்படிச் சிரிக்கிறாங்கன்னுதான் எனக்கு வெளங்காது.

நான் அவளைச் சந்தேகப்பட்டேன்னு லீலா அக்கா சொல்லியிருப்பாங்க. அந்த வார்த்தை கொஞ்சம் பெருசு மேடம். நான் சரிபார்ப்பேன், அவ்வளவுதான். ஒருநாள் தேக்கா மார்க்கெட்டுக்குப் போறேன்னு கிளம்பினா, அவ பஸ் கார்டைப் பாத்தா மார்க்கெட் பக்கமே போகாம டோபி காட்ல எறங்கியிருக்கா. அடுத்த வாரம் நானும் பின்னாடியே போனேன். அங்க பக்கத்துல இருக்குற டேங்க் ரோடு கோயிலுக்குள்ள போய், அக்காகூட உக்காந்து பிரசாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. வேற எவனாவது இருந்தா அதோட திரும்பியிருப்பான். எனக்கு வந்த யோசனை வேற. நான் பின்னால வர்றது தெரிஞ்சுதான் கோயிலுக்குள்ள நுழைஞ்சுட்டாளோ? இந்த வேலையில இத்தனை வருஷம் இருந்தா புத்தி அப்படித்தான் போகும்.

அப்புறம் அந்தப் படம் வந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னால அவ பாங்காக்ல கொஞ்ச காலம் வேலை பாத்தா. அப்போ எடுத்த ஒரு படத்தை யும்னான்னு பழைய தோழி ஃபேஸ்புக்ல போட்டு, இவ பேரையும் சேர்த்துவிட்டிருந்தா. அவளுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். யாருக்கோ பிறந்தநாள். மேசையில பேசில் இலை போட்டு வதக்கின இறால், பக்கத்துல தேங்காய்ப்பால் சோறு. என் மனைவி கையில ஸ்பூன், ஸ்பூன்ல இறால், வாய் தொறந்திருக்கு, கண்ணெல்லாம் சிரிப்பு. அவ நாற்காலி முதுகுல ஒரு கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் அர்ஃபான். நம்ம சிங்கப்பூர்ப் பையன்தான், அவகூட வேலை பாத்தவன். பேரும் அந்தப் படத்துலயே இருந்துச்சு.

என் நெஞ்சு எரிஞ்சுது மேடம், மறைக்க என்ன இருக்கு. என் தட்டைப் பாத்தாலே பத்தடி தள்ளி நிக்கிறவ, அவன் பக்கத்துல உக்காந்து வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கா. இறால் ஆகாதுங்கறது பொய்யா இருந்தா, வேற எதெல்லாம் பொய்? கோயில் பொய்யா? முனீராவோட சிரிப்புக்கு என்ன அர்த்தம்? எங்க ஃபைல்லயும் இப்படித்தான். ஒரு இடத்துல பொய் வந்துட்டா அந்த ஆள் சொன்ன எதையும் நம்பக் கூடாது.

ஏன் ஒரு வார்த்தை கேக்கலன்னு நீங்க கேக்குறீங்க. அதான் சொன்னேனே, கேட்டா உஷாராயிடுவாங்க.

நான் அவகிட்ட கோபப்படல. கை நீட்டல. குரலைக்கூட உயர்த்தல. எங்க ப்ளாக்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கொஞ்ச நாள் பேச்சு மட்டும் கொறஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, "இன்னிக்கி நான் சமைக்கிறேன், தாய் ஸ்டைல், நீ கையைக் கட்டிக்கிட்டு உக்காரு"ன்னேன். அவ முகத்தை நீங்க பாத்திருக்கணும். "நீ என்மேல என்னமோ கோவமா இருக்கன்னு நெனச்சு நான் தூங்கவே இல்ல ஸ்ரீ"ன்னா. கண்ணு கலங்கிடுச்சு. இது நடிப்பா நெசமான்னு எனக்குப் புடிபடல. அதுக்குத்தானே சமையலே.

தேக்காவுல தலையோட நல்ல இறால் வாங்கினேன். உசிரோட இருந்தது மாதிரி பளபளன்னு இருந்துச்சு. தேங்காய்ப்பால் அங்கயே புழிஞ்சு வாங்கினேன், பாக்கெட் பால் எனக்குப் புடிக்காது. பேசில் இலைக்குப் போன இடத்துல கடைக்காரர், தாய்லாந்துக்காரங்க நம்ம துளசியோட சொந்தக்காரச் செடியைத்தான் இதுக்குப் போடுவாங்கன்னார். வீட்டு வாசல்ல நிரஞ்சனா வளர்த்த துளசிச் செடி தளதளன்னு நின்னுச்சு. ஆனா அதுல நான் கை வைக்கல. சாமிக்கு வச்ச செடியைக் கிள்ளிப் போய் இறாலோட வதக்கலாமா? எனக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

ரெண்டு வாணலியும் எடுத்தேன். என் வாணலியில இறால், அவ வாணலியில கோழி. ரெண்டுக்கும் பூண்டு, மிளகாய், சோயா சாஸ், கடைசியில இலை. அகப்பையைக்கூட மாத்தல. அந்த விஷயத்துல என்னை யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. இறாலோட தலையும் ஓடும் மிஞ்சுச்சு. அதை எண்ணெயில சிவக்க வறுத்து, தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சு, மெல்லிசுத் துணியில வடிகட்டினேன். அந்தத் தண்ணியிலதான் தேங்காய்ப்பாலைக் கலந்து அரிசியைப் போட்டேன். நெறம் கொஞ்சம் மாறும், அதுக்கு மஞ்சள். மணத்துக்கு ரெண்டு பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு மேல வச்சேன். வாசனை காட்டிக் கொடுக்குமேன்னு நீங்க நெனைக்கலாம். என் வாணலியில இறால் வதங்குது, வீடு முழுக்க அந்த வாசனைதான். சோத்துல எது வாசனைன்னு யார் கண்டா.

அடுப்பெல்லாம் அணைச்ச பிறகு உள்ள வந்தா. முதல்ல சாஸ் பாட்டிலை எடுத்து லேபிளைப் படிச்சா, எப்பவும் படிக்கிற மாதிரி. "ஆய்ஸ்டர் சாஸ் போடலல்ல?"ன்னு கேட்டா. வாணலியை எட்டிப் பாத்தா, அகப்பையைப் பாத்தா. சோத்தை மட்டும் பாக்கல. நம்ம ஆளுங்க எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க மேடம், சோத்தை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. "ஹோட்டல் தோத்துச்சு போ"ன்னு சொல்லிட்டு அவளே அள்ளிப் போட்டுக்கிட்டா.

மேசைக்கு வர்றதுக்கு முன்னாலயே அந்த ஊசியை அவ பையிலேர்ந்து எடுத்து என் சட்டைப் பாக்கெட்ல வச்சிருந்தேன். தூக்கி எறியல, ஒளிச்சு வைக்கல. நெஞ்சுகிட்டயே பத்திரமா வச்சிருந்தேன். ஏன்னா, ஊசி கைக்கெட்டுற தூரத்துல இருந்தா லேசா ரெண்டு இருமு இருமிட்டு உடனே குத்திக்கலாம். அதுல நெசம் எது, நடிப்பு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சோதனைன்னா ஒழுங்கா செய்யணும்.

சாப்பிட ஆரம்பிச்சதும் அவ சிரிச்சா. "இந்த டிஷ்ஷைப் பாத்தா எனக்கு ஒரு பாங்காக் கதை ஞாபகம் வருது ஸ்ரீ. உன்கிட்ட சொன்னதே இல்ல. சாப்பிட்டு முடிச்சுட்டு சொல்றேன், கேட்டா நீ அசந்துடுவ"ன்னா. படத்தை அவளும் பாத்துட்டா, இப்ப கதை கட்டப் போறான்னு எனக்குத் தோணுச்சு. சரி, சாப்பிடுன்னேன்.

ரெண்டாவது தரம் சோறு போட்டுக்கிட்டா. நல்லா இருந்துச்சு போல.

முதல்ல கழுத்தைச் சொறிஞ்சா. அப்புறம் உதட்டைத் தொட்டுப் பாத்தா. குரல் கரகரன்னு மாறிடுச்சு. "ஸ்ரீ, சோத்துல என்ன போட்ட?"ன்னா. தேங்காய்ப்பால்னு சொன்னேன். அது பொய் இல்ல. அவ எழுந்து பையை எடுத்தா, தேடினா, மேசை மேல அப்படியே கவுத்தா. சீப்பு, டிஷ்யூ பாக்கெட், கோயில் விபூதிப் பொட்டலம் எல்லாம் சிதறிச்சு. கையாலே எல்லாத்தையும் தள்ளித் தள்ளித் தேடினா. நான் நாற்காலியிலேயே இருந்தேன். நல்லா நடிக்கிறவங்களை நான் நெறைய பாத்திருக்கேன் மேடம். நடிக்கிறவங்க ஓரக்கண்ணால நம்மைப் பாப்பாங்க, நாம நம்புறோமான்னு. அவ பாப்பான்னு காத்திருந்தேன். அவ என்னைப் பாக்கவே இல்ல, தரையில விழுந்த பையைத்தான் பாத்தா. அப்புறம் அவளும் விழுந்தா. அப்பவும் உறுதியா சொல்ல முடியல, இன்னும் கொஞ்சம் பாக்கணும்னு நெனச்சேன்.

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டு முனீரா காரிடார் ஜன்னல்கிட்ட வந்துச்சு. "ஸ்ரீ அண்ணே, என்ன உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீங்க"ன்னு கத்துச்சு. கதவு சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. உள்ள ஓடி வந்து, ஊசி எங்க, ஊசி எங்கன்னு கேட்டுக்கிட்டே என் பாக்கெட்டைப் பாத்துருச்சு. புடுங்கி, அவ தொடையில அதுதான் குத்துச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அதுதான். நல்ல பொண்ணு. அவ தலையைத் தன் மடியில வச்சுக்கிட்டு, "நிரு, கண்ணைத் தொற, அல்லாவே, கண்ணைத் தொற நிரு"ன்னு அழுதுக்கிட்டே இருந்துச்சு. எனக்கும் அழுகை வந்துச்சு. நம்ப மாட்டீங்க.

ஆஸ்பத்திரியில டாக்டர் வெளிய வந்து, இல்லன்னு தலையை ஆட்டினார். எவ்வளவு நாளா இந்த அலர்ஜின்னு கேட்டார். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள லீலா அக்கா சொன்னாங்க. சின்ன வயசுல அவ இறால் நல்லாத்தான் சாப்பிடுவாளாம். பாங்காக்ல யும்னாவோட பிறந்தநாள் விருந்துலதான் முதல் தடவையா மூச்சு அடைச்சதாம். பக்கத்துல உக்காந்திருந்த அர்ஃபான்னு ஒரு பையன், அவளோட வேலை பாத்தவன், அவளைத் தூக்கிட்டுப் போய் டாக்ஸியில போட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தானாம். அவன் இல்லன்னா அன்னிக்கே போயிருப்பான்னு சொல்லிட்டு அக்கா சுவத்துல முட்டிக்கிட்டாங்க. வளர்ந்த பிறகு திடீர்னு இப்படி வர்றது உண்டான்னு நான் டாக்டரைக் கேட்டேன். நெறைய பேருக்கு அப்படித்தான் வருதுன்னார்.

அப்படின்னா அந்தப் படம் அவ நல்லா இருந்த கடைசி நிமிஷம். சாப்பிட்டு முடிச்சதும் எனக்குச் சொல்றேன்னு சொன்ன கதை அதுதான். எழுதிக்கோங்க மேடம். சோத்துல கலந்தது நான், ஊசியை எடுத்தது நான், உக்காந்து பாத்தது நான். கை தவறி நடக்கல. யாரும் தூண்டிவிடல. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்.

ஆனா ஒண்ணு, ஒரு பெரிய பாரம் எறங்கின மாதிரி இருக்கு. அவ என்கிட்ட பொய்யே சொல்லல. ஒரு பொய்கூட இல்ல. எத்தனை புருஷன்மாருக்கு இது உறுதியாத் தெரியும், சொல்லுங்க? இனிமே அவ என்ன சொன்னாலும் நான் நம்புவேன். எனக்கு இப்போ அவமேல துளி சந்தேகம்கூட இல்ல.

நேத்து மண்டாய்ல தகனம் ஆச்சுன்னு சொன்னாங்க. என்னை விடல, அது உங்க சட்டம், நான் குறை சொல்லல. உங்க ஆளுங்க யாராவது அங்க போயிருப்பாங்கல்ல? அந்த அர்ஃபான் வந்திருந்தானா மேடம்? அழுதானா? சும்மாதான் கேக்குறேன்.